பிணைக் கையெழுத்துக் கேட்ட பிள்ளை

தொழில் வழிகாட்டல் நாட்களில் நாங்கள் ஆசிரியர்கள் நன்றாகவே பேசுவோம். "கவர்மெண்ட் வேலைக்குக் காத்திருக்காதீங்க, சொந்தமாத் தொழில் செய்ங்க." பேசிவிட்டு மாதக் கடைசியில் எங்கள் அரசாங்கச் சம்பளத்தை எடுக்கப் பதுளை டவுனுக்குப் போவோம்.

எங்கள் முஸ்லிம் வீடுகளில் கதை தலைகீழ். ஓ.எல் எழுதிய கையோடு மகனைக் கடையில் நிறுத்தும் வாப்பாமார் நிறையப் பேர். ஏ.எல் படிக்க விடுங்கள் என்று அங்கே போய்க் கெஞ்சுவதும் நாங்கள்தான். ஆனால் அந்தப் பிள்ளைகளில் பலருக்கு விழுந்தால் தாங்க ஒரு கடை இருக்கிறது, கடனுக்குச் சாமான் போட ஒரு மாமா இருக்கிறார்.

தோட்டத்துப் பிள்ளைக்கு? பசறை, மடுல்சீமை, ஹப்புத்தளை, எங்கே போனாலும் பரம்பரையாக இருக்கிற லயத்துக் காம்பிராவுக்கு உறுதி இல்லை. நிலம் அரசினுடையது, 1992 முதல் நிர்வாகம் கம்பனிகளிடம். அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனதே 2024 இல்தான். அதில் மிச்சம் பிடித்து முதல் போடு என்று சொல்ல எங்களுக்கு எப்படித்தான் வாய் வருகிறதோ!

"வாத்தியார் வேலை ஒண்ணு கெடச்சாப் போதும் சேர்" என்று தாய்தகப்பன் சொன்னால் துணிச்சல் இல்லாதவர்கள் என்கிறோம். 1948 இல் பிரஜாவுரிமையே மறுக்கப்பட்ட சமூகம் அது. அரசாங்க நியமனக் கடிதம் அவர்களுக்கு வெறும் சம்பளமா?

எங்கள் பழைய மாணவி ஒருத்தி, ஏ.எல்லில் வர்த்தகம் படித்தவள். இரண்டு தையல் மெஷின் வாங்கி ஸ்கூல் யூனிபோர்ம் தைக்க நினைத்தாள். துணி, நூல், கரண்ட் பில் என்று கணக்கெல்லாம் கொப்பியில் எழுதி வைத்திருந்தாள். வங்கியில் கேட்டது காணி உறுதி, அல்லது இரண்டு அரச ஊழியர் பிணை. சொந்தத் தொழில் தொடங்கவும் கவர்மெண்ட் வேலைக்காரன்தான் வேண்டும்!

"சேர், நீங்க சைன் வைப்பீங்களா?"

ஸ்டாஃப் ரூமில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஒருவர் ஏற்கெனவே இரண்டு பேருக்குப் பிணை, இன்னொருவருக்கு வீட்டுக்கடன். 2022 நெருக்கடியில் சம்பளம் கரைந்த பயம் எல்லோருக்கும். காரணங்கள் பொய்யில்லை. ஆனாலும் யாரும் கையெழுத்து வைக்கவில்லை. அவள் இப்போது கொழும்பில் ஒரு கார்மெண்டில் வேலை செய்கிறாள்.

காணி உறுதிக்காகக் குரல் கொடுக்கத்தான் வேண்டும். அதுவரை? நாங்கள் மாதாமாதம் ஸ்டாஃப் ரூமில் சீட்டுப் பிடிக்கிறோம். வருடத்தில் ஒரு சீட்டை இப்படியொரு பிள்ளைக்கு வட்டியில்லாமல் கொடுத்தால், திரும்பி வராவிட்டாலும் நட்டம் பத்துப் பேருக்குப் பிரியும், ஒருவர் தலையில் விழாது. இதைப் பேச ஆரம்பித்திருக்கிறோம். இரண்டு பேர் இன்னும் சம்மதிக்கவில்லை. ஊவாவில் படிப்பிக்கும் நண்பர்களே, உங்கள் ஸ்டாஃப் ரூமிலும் ஒருதரம் கேட்டுப் பாருங்கள்.