ஊசி குத்திய இடத்தையும் பார்க்க வேண்டும்

இருதயத்து ரத்தக் குழாய்களில் அடைப்பு உண்டா இல்லையா என்ற பெருங்கவலை ஆஞ்சியோகிராம் முடிந்து தீர்ந்ததும், அதற்காகத் தொடையிடுக்குத் தமனியில் ஊசி குத்திய இடத்தை நோயாளியும் உறவினரும் மட்டுமல்ல, சில சமயம் மருத்துவமனையாரும்கூட மறந்துவிடுகிறார்கள் என்பதே என் விசாரம்.

ஊசி வழியே கம்பியையும், கம்பியைப் பற்றிக் குழாயையும் செலுத்தும் உபாயத்தை ஸ்வீடன் தேசத்து செல்டிங்கர் 1953-இல் வெளியிட்டது வைத்திய சாஸ்திரத்துக்குக் கிடைத்த பெரும் பாக்கியம். இப்போது மணிக்கட்டு வழியாகச் செய்வது பெருகி அபாயம் வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆயினும், பருத்த குழாய் செலுத்த வேண்டிய வால்வு சிகிச்சை போன்றவற்றுக்குத் தொடையிடுக்கே இன்றும் பிரதான வாசல்.

அந்தத் துவாரம் செவ்வனே அடைபடாவிட்டால், ரத்தம் கசிந்து திசுக்களுக்கிடையே ஒரு பைபோலத் தேங்கி, நாடி துடிக்கும்தோறும் உள்ளே பாய்ந்து வெளியே மீளும்; இதுவே சூடோ அனியூரிசம். வெறுமனே ரத்தம் கட்டிய வீக்கமும் இதுவும் தொட்டுப் பார்க்கும் கைக்குப் பல சமயம் ஒன்றாகவே தோன்றும். ரத்த ஓட்டத்தை வண்ணத்தில் காட்டும் டாப்ளர் ஸ்கேனிலோ, அந்தப் பை ஒரு பாதி சிவப்பும் மறுபாதி நீலமுமாகச் சுழல்வதையும், அதன் ஒடுங்கிய கழுத்தில் ரத்தம் போய்ப் போய்த் திரும்புவதையும் கண்ணாரக் காணலாம். தமனியும் சிரையும் தவறாக இணைந்துகொள்வதையும், தமனி அடைபடுவதையும் அதே ஸ்கேன் காட்டிக்கொடுக்கும்.

கண்டுபிடித்தால் பரிகாரமும் கிட்டத்திலேயே இருக்கிறது. சிறிய பைகள் பல தாமாகவே மூடிக்கொள்ளும். அவற்றை மறுபடி ஸ்கேன் செய்து கண்காணித்தால் போதும். பெரியவற்றில், ஸ்கேனில் பார்த்துக்கொண்டே த்ராம்பின் மருந்தை ஊசியால் செலுத்தினால், பெரும்பாலும் சில விநாடிகளிலேயே உள்ளே இருக்கும் ரத்தம் உறைந்துவிடுகிறது, கத்திக்கு வேலையில்லை. ஆனால் வயிற்றுக்குப் பின்புறம் ரத்தம் கசிந்தால் இந்த ஸ்கேன் அதைத் தவறவிடக்கூடும். முதுகுவலியோடு ரத்த அழுத்தம் தாழ்ந்தால் சி.டி. ஸ்கேனே தகுந்தது.

எல்லோருக்கும் இந்தப் பரிசோதனை வேண்டுமென்று நான் வாதிக்கவில்லை. வீக்கமோ, மிகுந்த வலியோ, ஸ்டெதாஸ்கோப்பில் இரைச்சலோ தென்பட்டவர்களை டாப்ளர் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பலாகாது என்பதே என் கட்சி. இருதயப் பிரிவுகளில் டாப்ளரும் பார்க்கவல்ல எக்கோ யந்திரம் ஏற்கெனவே இருக்கிறது. மேலோட்டமான நாளங்களுக்குரிய புரோபும் பழகிய கையும் சேர்ந்தால் பரிசோதனை சில நிமிஷங்களில் முடிந்துவிடும்.

வாசகர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: வீடு திரும்பிய பின் குத்திய இடம் வீங்கித் துடித்தாலோ, கால் சில்லிட்டாலோ, தைலம் தேய்த்தும் ஒத்தடம் கொடுத்தும் காத்திராமல், அன்றே மருத்துவமனைக்குத் திரும்பிச் சென்று டாப்ளர் ஸ்கேன் செய்யும்படி கேளுங்கள்.