முதல் நாளே கத்திரியா?

"நாய்க்கு முடிதிருத்தகமா? காலம் கெட்டுவிட்டது!" என்று நகைக்கும் நண்பர்கள் உண்டு. இராசபாளையமோ சிப்பிப்பாறையோ வளர்ப்பவர் அவ்வாறு நகைக்கலாம். ஒட்டிய குறுமயிர் கொண்ட அவ்வினங்களுக்குத் துடைப்பும் குளியலும் போதும். ஆனால் நம் நகரத்து அடுக்ககங்களில் பெருகியிருப்பது ஷிட்சூ. அதன் மயிர் நம் தலைமுடிபோல் வளர்ந்துகொண்டே போகும். சீவாமல் விட்டால் சடைபிடித்துத் தோலை இழுக்கும். அடியில் ஈரம் தங்கிப் புண்ணாகும். ஆகவே அதற்குக் குரூமிங் ஆடம்பரமன்று.

எனினும் என் சினம் நகைப்பவர்மீது அன்று. பெருந்தொகை கொடுத்துக் குட்டியை வாங்கி, 6, 7 மாதம் சீப்பே காட்டாமல் வளர்த்து, சடை முற்றியபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையில் இறக்கிவிட்டு, "இரண்டு மணி நேரத்தில் வருகிறேன்" என்று போய்விடுகிறார்களே, அவர்கள்மீதுதான்! உயர்ந்த மேசை, கழுத்தில் கண்ணி, காதருகே கிளிப்பரின் இரைச்சல், முகத்தில் ட்ரையரின் வெங்காற்று, பாதத்தைப் பற்றும் அந்நியக் கை. இத்தனையும் ஒரே நாளில். அஞ்சிக் கடித்தால் 'முரட்டு நாய்' என்று பட்டம், மறுமுறை வாய்ப்பூட்டு.

நாய்க்குட்டியின் மனம் புதியனவற்றை அச்சமின்றி ஏற்கும் பருவம் மிகச் சிறிது. ஏறத்தாழ 3ஆம் வாரம் தொடங்கி 12ஆம் வாரத்தை ஒட்டி அது முடிந்துவிடுகிறது. ஸ்காட், ஃபுல்லர் என்னும் ஆய்வாளர் இருவர் 1965இல் வெளியிட்ட நூலிலேயே இப்பருவம் விரிவாகப் பேசப்பட்டுவிட்டது. (நாயின் இளமைக்குக் 'குருளை' என்று தனிப்பெயரே தந்தது தொல்காப்பிய மரபியல். பெயரை மறந்ததுபோல் பருவத்தையும் மறந்தோம் போலும்!)

"தடுப்பூசி முடியட்டும்" என்பது வழக்கமான சாக்கு. பார்வோ நோய் குறித்த அச்சம் நியாயமானதே. ஆனால் இறுதித் தவணை 16ஆம் வாரத்தை ஒட்டியே வரும். அதற்குள் அப்பருவம் கடந்திருக்கும். விரலிடுக்கைத் தொட்டுப் பழக்கவும், காதை மடித்துப் பார்க்கவும், டிரிம்மரைத் தொலைவில் ஓடவிட்டு ஒரு துண்டுக் கோழிக்கறி ஊட்டவும் எந்த ஊசி தடை? வீட்டில் நாளொன்றுக்கு ஐந்து நிமிடம் போதுமே!

பின்னர், மருத்துவர் இசைந்ததும், தடுப்பூசிச் சான்று கேட்கும் கடையாகப் பார்த்து அழைத்துச் செல்லுங்கள். முதல் வருகையில் முடி வெட்டவே வேண்டாம். மேசைமேல் ஏற்றி, நான்கு முறை சீவி, ஒரே ஒரு நகத்தின் நுனியை நறுக்கி இறக்கிவிடட்டும். ஆழ வெட்டினால் உள்ளோடும் குருதிக்குழாய் அறுபடும். அந்த வலியைக் குட்டி எளிதில் மறவாது. கால் மணி நேரத்தில் வீடு திரும்புங்கள். அதுவரை நீங்கள் அருகில் நிற்க வேண்டும்.

கடைக்காரர்களும் தப்ப முடியாது. குளியல், வெட்டு, நகம் எனத் தொகுப்புகளாய் விலைப்பலகை எழுதுவோர், 'வெட்டில்லா முதல் வருகை' என்றொரு வரி சேர்த்தால் என்ன? உரிமையாளரை வெளியே நிறுத்தும் கடை, அதற்கான காரணத்தையாவது சொல்ல வேண்டாமா? "வெட்டாத முடிக்குக் கட்டணமா?" என்று வாடிக்கையாளர் முணுமுணுப்பார்தான். சடை முற்றிய குட்டியை முழுதும் மழிக்க அதைவிடக் கூடுதலாகத்தானே கேட்கிறீர்கள். அந்தக் கணக்கை அவரிடம் சொல்லுங்கள்.