சமாதானம் என்று எதைச் சொல்கிறோம்?

எல்லா மதத்தாரும் படிக்கும் நம் சங்கப் பத்திரிகையில் ஜெபத்தைப் பற்றி எழுத வந்துவிட்டானே என்று அன்பர்கள் நினைக்க வேண்டாம். வீட்டுக் கவலை நம் எல்லோருக்கும் பொதுதானே!

மும்பைக்கு வந்த 28 வருஷங்களில் ஒன்பது வீடு மாறிவிட்டேன். 11 மாத ஒப்பந்தம் முடியுமுன்பே தரகர் வாசலில் வந்து நிற்பார். ஊரில், நாசரேத்துக்குப் பக்கத்தில், என் தாயார் நினைவு தப்பிப் போய் இருக்கிறார்கள். போன் செய்தால், "நீங்க யாரு?" என்று மரியாதையாகக் கேட்கிறார்கள்.

ஞாயிறு தமிழ் ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரம் ஒன்று உண்டு. வேலை கிடைத்தவர், ஆபரேஷனில் பிழைத்தவர் எழுந்து நன்றி சொல்வார்கள். மகனுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது நானும் சொன்னேன். ஆனால் கஷ்டம் தீராதவர் எதைச் சொல்வது? இரண்டு வருஷமாக நான் எழுந்திருக்கவில்லை. "ஜெபம் பத்தலையோ, அண்ணாச்சி?" என்று ஒரு சகோதரர் கேட்டே விட்டார். அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.

எழுந்து வேதாகமத்தைப் புரட்டினேன். பவுல் அப்போஸ்தலர் தம் சரீரத்தில் இருந்த ஒரு முள்ளைப் பற்றி எழுதுகிறார். அது நோயா, வேறு எதுவுமா என்று சொல்லவில்லை. நீக்கும்படி மூன்று முறை வேண்டியும் நீங்கவில்லை. அவருக்கு ஜெபம் பற்றவில்லை என்று யார் சொல்வது? பிலிப்பி பட்டணத்தில் அடிபட்டு, தொழுமரத்தில் கால் மாட்டப்பட்டு, நடுராத்திரியில் சீலாவோடு பாடியவர் அவர். அன்று சிறைக் கதவுகள் திறந்தன. பிற்பாடு அதே ஊர்ச் சபைக்குக் கவலைப்படாதிருக்கச் சொல்லிக் கடிதம் எழுதியபோதும் காவலில்தான் இருந்தார். இந்தத் தடவை கதவு திறந்ததாகக் கடிதத்தில் இல்லை. சமாதானத்தைப் பற்றி எழுதியதோ இந்தக் கடிதத்தில்தான்!

சமாதானம் என்ற சொல்லிலும் ஒரு வம்பு இருக்கிறது. சாக்குச் சொல்வதையும் 'சமாதானம் சொல்வது' என்கிறோம். கத்தோலிக்க நண்பர்கள் வைத்திருக்கும் 1995ஆம் வருஷத்துப் பொது மொழிபெயர்ப்பில் 'அமைதி' என்று இருக்கிறது. எனக்குப் பழைய சொல்லே பிடிக்கும். சண்டைக்குப் பிறகு வருவதுதானே சமாதானம்? கடவுளோடு இரண்டு வருஷம் சண்டை போட்டவனுக்கு அதுதான் பொருந்தும்.

விடியற்காலை நாலரைக்குத் தண்ணீர் வரும். வாளி நிறையும்வரை சமையலறைத் தரையில் உட்கார்ந்து ஜெபிக்கிறேன். முன்பெல்லாம் ஒரு பட்டியலே வாசிப்பேன். இப்போது அம்மா பேரைச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிறேன். தரகர் வருவது நிற்கவில்லை. அவரிடம் கத்துவது நின்றிருக்கிறது. மாதக் கடைசியில் மனைவியிடம் எரிந்து விழுவதும் குறைந்திருக்கிறது. அவள் ஒப்புக்கொள்வாளா, தெரியாது!

தீராத கஷ்டத்தோடு உட்கார்ந்திருப்பவருக்கும் சாட்சி நேரத்தில் இடம் வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஒன்றும் தீரவில்லை, ஆனாலும் நிம்மதியாக இருக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் சபையார் அதையும் சாட்சியாகக் கேட்க வேண்டும். வரும் ஞாயிறு நானே எழுந்திருக்கலாம் என்றிருக்கிறேன்.

போன வாரம் அம்மா மறுபடியும் யாரென்று கேட்டார்கள். முன்பானால், "நான்தாம்மா, உங்க மகன்" என்று மன்றாடுவேன். இந்தத் தடவை, "பம்பாய்லேர்ந்து பேசுறேன்" என்று மட்டும் சொன்னேன்.

"அங்கதான் எம் மவன் இருக்கான். பாத்தா, சாப்பிட்டானான்னு கேளுங்க."

கேட்கிறேன் என்றேன்.