பெயின்ட் டப்பாவைக் கீழே வையுங்கள்!

அமெரிக்காவில் இருக்கும் உங்கள் மகனோ மருமகனோ ஏதாவது ஒரு கராஜ் சேலில் பழைய க்ரூஸர் சைக்கிள் ஒன்றை வாங்கி வந்திருக்கலாம். தடித்தடியாக டயர், மோட்டார் பைக் மாதிரி ஒரு பொய் டேங்க், உடம்பெல்லாம் துரு. அடுத்து என்ன நடக்கும்? நேரே பட்டறைக்குப் போகும். மணல் வீசி உரிப்பார்கள். பளபளவென்று சிவப்பு அடிப்பார்கள். ‘புத்தம் புதுசு மாதிரி ஆயிடுச்சுப்பா!’ என்று போட்டோ வரும். நீங்களும் ‘சூப்பர்’ என்பீர்கள்.

தயவுசெய்து சொல்லாதீர்கள். நடந்தது ரிப்பேர் இல்லை, சாட்சியைக் கொன்ற வேலை.

ஏன் என்று சொல்கிறேன். 1933-ல் சிகாகோவின் ஷ்வின் கம்பெனி 2.125 அங்குல பலூன் டயர் போட்டு ஒரு சைக்கிளை இறக்கியது. க்ரூஸர் வம்சத்துக்கு அதுதான் ஆரம்பம். ஆனால், உங்கள் கையில் இருப்பது எந்த வருஷத்து வண்டி? முன்னால் இருக்கும் பெயர்த் தகட்டை நம்பாதீர்கள். ஷ்வின் செய்த வண்டிகளே கடைக்காரர்களுக்காகப் பல பெயர்த் தகடுகளில் விற்றன. நம்பரைப் பாருங்கள். 1952-லிருந்து 1970 வரை அது பின்சக்கர அச்சு மாட்டும் இடது பக்கத் தகட்டில் இருக்கும். அதற்குப் பிறகு ஹேண்டில்பார் இறங்கும் குழாயில். 1965 முதல் முதலிரண்டு எழுத்தே ஜாதகம்: ‘DB’ என்றால் 1966 ஏப்ரல். பவுடர் கோட்டிங் கெட்டியாக ஏறினால் இந்தக் குழியெழுத்து மூடிப்போகும்.

1948-க்கு முந்தைய வண்டியாக இருந்தால் இன்னும் மோசம். அந்தப் பதிவேடுகள் தீ விபத்தில் எரிந்துவிட்டன. வயதைச் சொல்ல மிச்சமிருப்பது வண்டியில் இருக்கும் உதிரி பாகங்களும், பெயின்ட்டும், அதன் மேல் ஓடும் மெல்லிய கோடுகளும்தான். அதைப் போய் உரித்தால்? கும்பாபிஷேகம் என்ற பெயரில் மணல் வீசி, கல்வெட்டைத் தேய்த்த நம்மூர்க் கதைதான் அங்கேயும்.

‘அப்போ துருவோடயே ஓட்டச் சொல்றீங்களா?’ என்று கேட்பீர்கள். இல்லை சார். துரு வேறு, வயசு வேறு. துரு இரும்பைத் தின்னும். மங்கின பெயின்ட் யாரையும் தின்னாது. கழற்றிய துருப்பிடித்த சாமான்களை ஆக்ஸாலிக் அமிலம் கலந்த தண்ணீரில் ஊறவையுங்கள் (விஷம், கையுறை அவசியம்). நன்றாகக் கழுவி, உடனே துடைத்து உலர்த்துங்கள். குரோமியத்தை அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாலே போதும். பெயின்ட்டை மென்மையாகக் கழுவி, மெழுகு பூசுங்கள். அவ்வளவுதான்.

உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் மட்டும் பழமை பேசாதீர்கள். வெடித்த டயர், தேய்ந்த பிரேக், கிரீஸ் காய்ந்த பேரிங், இதையெல்லாம் மாற்றியே ஆகவேண்டும். இடது பெடலும், கிராங்கின் இடது பக்க நட்டும் தலைகீழ் மரை. வழக்கம்போலத் திருகினால் இன்னும் இறுகும். டயரிலும் ஒரு சூது உண்டு. ஷ்வின்னின் 26 x 1¾ டயரும், கடையில் கிடைக்கும் 26 x 1.75 டயரும் கணக்கில் ஒன்று. சக்கரத்தில் ஒன்றில்லை. முன்னது 571 மில்லிமீட்டர் ரிம்முக்கு, பின்னது 559-க்கு. கடைக்காரரிடம் இந்த மில்லிமீட்டரைச் சொல்லிக் கேளுங்கள்.

பெயின்ட்டே அடிக்கக் கூடாதா? யாரோ முன்பே வீட்டுப் பெயின்ட் பூசியிருந்தால், பொறுமையாகச் சுரண்டிப் பாருங்கள், அசல் அடியில் இருக்கலாம். அசல் துளியும் மிஞ்சாத வண்டிக்குத் தாராளமாக அடியுங்கள். விற்கும்போது அதைச் சொல்லிவிடுங்கள். புது வண்டியை உப்புத் தண்ணியில் நனைத்து ‘பழசு’ என்று விற்கும் கில்லாடிகளும் இருக்கிறார்களே, அவர்களும் இதே கூட்டம்தான். அவர்கள் வயதைக் கூட்டுகிறார்கள், இவர்கள் குறைக்கிறார்கள். பொய் ஒன்றுதான்.

பளபளப்புதான் வேண்டுமென்றால் அதற்கும் வழி இருக்கிறது. 1949-ல் வந்த ‘பிளாக் ஃபேன்டம்’ மாடலை ஷ்வின்னே தன் நூற்றாண்டுக்காக 1995-ல் மறுபடி செய்து விற்றது. அதைத் தேடி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

பெயின்ட் எப்ப வேணும்னாலும் அடிக்கலாம். உரிச்சதைத் திரும்ப ஒட்ட முடியாது.