விடுமுறைக் கூட்டமும் நம் குடும்பமும்

தசரா விடுமுறை வந்துவிட்டால், பெங்களூரு வாழ் நம்மவர் இல்லங்களில் குழந்தைகளின் முதல் வேண்டுகோள் பிடதி வொண்டர்லாவுக்குப் போகவேண்டும் என்பதே. 2005-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அப்பூங்கா, மைசூர்ச் சாலையில் நகரிலிருந்து ஏறத்தாழ 28 கிலோமீட்டர் தொலைவிலுள்ளது. ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தாவும் பாட்டியும் உடன் புறப்படுவர். மகிழ்ச்சிதான், ஆயினும் கூட்டத்துக்கு ஆயத்தமாகவா நாம் செல்கிறோம்?

ஞாயிற்றுக்கிழமையையும் பண்டிகை நாளையும் தவிர்த்து, வாரத்தின் இடைநாளில் செல்வது நன்று. பெரியவர் ஒருவர் ஒருநாள் விடுப்பெடுத்தால் போதும். வாயில் திறக்குமுன் சென்று, வரிசை நீளும் பெரிய இராட்டினங்களை முதலில் முடித்துக்கொள்ளலாம். சிலவற்றில் ஏற உயர வரம்புண்டு. அதனைக் குழந்தைக்கு வீட்டிலேயே எடுத்துச் சொல்லிவிட்டால், நெடுநேரம் நின்றபின் ஏமாற்றம் நேராது.

இவற்றினும் பெரிது ஒன்றுண்டு. வழிதவறிய பாட்டிக்குக் கன்னடம் தெரியாது. நம் தொலைபேசி எண்ணும் நினைவிராது. ஆகவே நம் பெயரும் எண்ணும் எழுதிய சீட்டை அவர் சுருக்குப்பையில் வைப்போம். குழந்தையின் முன்கையில் எளிதில் அழியாத மையால் எழுதுவோம். நீராடச் செல்வோர் கைப்பேசியைப் பெட்டகத்தில் பூட்டிவிடுவர். எனவே ஒருவர் கைப்பேசியுடன் கரையிலேயே இருத்தல் வேண்டும். பிரிந்தால் கூடும் இடத்தை, உள்ளே நுழைந்தவுடன் அனைவருக்கும் காட்டிவிடுவோம்.

கூட்டத்தைக் குறைப்பது நம்மால் இயலாது. அக்கூட்டத்துள் நம்மவர் எவரும் மொழியற்றுத் தனித்து நில்லாதபடி காப்பது இயலும்.