மாத்திரை இலவசம்! சோறு யார் தருவது?

காசநோய் வந்த இளைஞனைக் கண்டால் நம் ஊர்களில் என்ன சொல்கிறார்கள்? "கண்ட பழக்கமும் இருந்திருக்கும்", "அவன் விதி". சகோதரர்களே! விதியின் தலையில் பழியைப் போட்டுவிட்டு நழுவுவது எவ்வளவு சுலபம்!

ஆவுடையார்கோவில் வட்டாரம் வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறையாத வருடம் வேலையில்லை. அதனால்தான் நம் பிள்ளைகள் சென்னைக்கும் மலேசியாவுக்கும் வளைகுடாவுக்கும் கடைச் சிப்பந்திகளாகப் போகிறார்கள். அங்கே படுக்கை எங்கே? பல கடைகளில் சன்னல் இல்லாத சரக்கு அறைதான். ஒருவன் இருமினால் அத்தனை பேருக்கும் அதே காற்று. முதலாளி வீட்டுப் பிள்ளையை விட்டுவிட்டுச் சிப்பந்தியைத் தேடி வருகிறதே, கிருமி என்ன ஆள் பார்த்தா வருகிறது?

1956ல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், சானடோரியத்தில் நல்ல சாப்பாட்டோடு இருந்தவர்களையும், நெருக்கடியான வீட்டிலேயே மருந்து சாப்பிட்ட ஏழைகளையும் ஒப்பிட்டது. 1959ல் முடிவு வெளியானது. இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்திருந்தனர்! வந்த நோயை மாத்திரை தீர்க்கும், சந்தேகமே இல்லை. வராமல் தடுப்பது எது? ஜார்கண்டில் நோயாளிகளின் குடும்பத்தாருக்கு, பெரியவர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் கொடுத்துப் பார்த்தார்கள். அது கிடைக்காத குடும்பங்களைவிட இங்கே புதிதாக நோய் கண்டவர்கள் சுமார் 40 சதவீதம் குறைவு என்று 2023ல் அறிவித்தார்கள். அரிசியும் பருப்பும் செய்த வேலை இது!

அரசுக்கும் இது தெரியும். சத்துணவுக்கென்று நோயாளிக்கு 2018 முதல் மாதம் 500 ரூபாய், 2024 நவம்பர் முதல் 1000. நாளைக்கு 33 ரூபாய்! வேலை போய் ஊர் திரும்பியவன் இதில் தானும் தேறி, பிள்ளைகளையும் காப்பாற்ற வேண்டுமாம். நோய் முற்றினால் அறந்தாங்கி தாண்டிப் புதுக்கோட்டை மருத்துவக் கல்லூரிக்கு ஓட வேண்டும். (அதுவே 2017ல்தான் வந்தது.) கூடப் போகிறவருக்கும் அன்றைய கூலி போச்சு.

வியாபாரப் பெருமக்களே! இருமுகிற சிப்பந்தியின் கணக்கை முடித்து பஸ் ஏற்றி விடுகிறீர்களே, இது நியாயமா? பிறகு ரமளானில் அவன் வாசலுக்கு வந்தால் ஜகாத் என்று ஐநூறு ரூபாய்! சாதாரணக் காசநோய்க்குச் சிகிச்சை 6 மாதம். ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் சில வாரங்களிலேயே பிறருக்குத் தொற்றும் அபாயம் பெருமளவு குறைந்துவிடும். அதுவரை ஓய்வு கொடுங்கள், 6 மாதமும் சம்பளத்தை நிறுத்தாதீர்கள். சரக்கு அறைக்குச் சன்னல் வையுங்கள்.

இளைஞர்களே! அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்: நம் ஊர் முதலாளிகளின் கடைகளில் எத்தனை பிள்ளைகள் காற்றில்லாத அறையில் தூங்குகிறார்கள்? பதில் வரும்வரை உட்காராதீர்கள்.