5 ஸ்டாரைப் பார்த்து டீம் கட்டாதீங்க

ஹாக்கி மேனேஜர் மாதிரி கேம்ல ஒரு சௌகரியம் உண்டு. ஒவ்வொரு பையனுக்கும் 'பொட்டென்ஷியல்'னு ஒரு நம்பர் இருக்கும்; இன்னைக்கு சுமாரா ஆடினாலும் அதைப் பார்த்து டீம்ல எடுக்கலாம். உங்க எஸ்ஐபி லிஸ்ட்ல அப்படி ஒரு நம்பர் கிடையாது. ஃபண்டுக்குப் பக்கத்துல இருக்கிற 5 ஸ்டார், பழைய வருமானத்துக்குப் போட்ட மார்க்.

2022-ல நம்ம மாமல்லபுரத்துல நடந்த செஸ் ஒலிம்பியாட்டையே எடுத்துக்குங்க. எலோ ரேட்டிங்கும் ஆடி முடிச்ச ஆட்டங்களோட கணக்குதான். அதன்படி அமெரிக்கா 1, இந்தியா 'ஏ' 2, இந்தியா 'பி' 11, உஸ்பெகிஸ்தான் 14. கடைசியில தங்கம் உஸ்பெகிஸ்தானுக்கு. அமெரிக்காவை 3-1னு சாய்ச்ச 'பி' டீமுக்கு வெண்கலம்.

உடனே "சின்னப் பசங்கதான் கெத்து, எல்லாத்தையும் ஸ்மால்கேப்ல போடு"னு கிளம்பிடாதீங்க (கிளம்புவீங்க, தெரியும்). குகேஷ், பிரக்ஞானந்தா, நிஹால், ரௌனக் கூட, 30-ஐத் தொடப்போற அதிபனும் அந்த டீம்ல இருந்தார். முதல் எட்டு ஆட்டத்தையும் ஜெயிச்ச குகேஷ், 10-ஆவது சுற்றுல உஸ்பெகிஸ்தானோட தோத்தார். பிரக்ஞானந்தா ஜெயிச்சதால மேட்ச் 2-2. குகேஷை மட்டும் நம்பியிருந்தா அன்னைக்குக் கணக்கு பூஜ்யம்.

மஹிந்திரா சிட்டியில சேர்ந்து ரெண்டு வருஷம் ஆனவங்களுக்கு என் கருத்து இதுதான்: ஆறு மாசச் செலவுப் பணத்தைத் தனியா வைங்க. எஸ்ஐபில பெரும்பகுதி இண்டெக்ஸ் ஃபண்டுக்குப் போகட்டும். ஸ்மால்கேப் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல வேண்டாம். அப்ரைசல் மாசத்துல ஒரு தடவை பாருங்க. அது தாண்டியிருந்தா, புது எஸ்ஐபியை இண்டெக்ஸ் பக்கம் திருப்பிடுங்க.